நம் சங்கத்துக்கு ஒரு பைலா

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடல் விழாவில், பதிவுத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் கல்லூரியின் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பட்டிமன்றத்துக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் இருபது நிமிடம் கொடுத்து, "சட்டம் பற்றிப் பேசுங்க" என்று செயலாளர் சொல்லிவிட்டார். பசி நேரத்தில் சட்டம் பேசுகிறவனை யாரும் மன்னிக்க மாட்டார்கள். ஆனாலும் பேசித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் இன்று மாலை 3 மணிக்குப் பொதுக்கூட்டம். நம் சங்கத்தைப் பதிவு செய்வதற்கான பைலா அங்கே வாசிக்கப்பட்டு ஓட்டுக்கு விடப்படப் போகிறது. எட்டுப் பக்க வரைவு உங்கள் கைக்கு வந்திருக்கும். எத்தனை பேர் படித்தீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. அதை விசிறியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் மேடையிலிருந்து தெரிகிறார்கள்.

முதலில் பணத்திலிருந்து தொடங்குகிறேன். ஆண்டுதோறும் ஏழைப் பிள்ளைகள் சிலருக்கு நாம் தேர்வுக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் கட்டுகிறோம். அந்தப் பணம் எங்கே இருக்கிறது? நம் நண்பர்கள் மூன்று பேர் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கில் இருக்கிறது. மூவரும் தங்கமானவர்கள். பஸ் செலவைக்கூடச் சொந்தப் பையிலிருந்து போடுகிறவர்கள். ஆனால் வங்கிக்கும் வருமான வரி அலுவலகத்துக்கும் அது சங்கத்தின் பணம் இல்லை. அந்த மூன்று பேரின் பணம்.

வேறோர் ஊரில் இதே மாதிரி ஒரு பழைய மாணவர் குழு இருந்தது. பொருளாளர் பெயரில் கணக்கு. மனிதர் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். காரியம் முடிந்து, நண்பர்கள் தயங்கித் தயங்கி வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. மகன், "இது அப்பாவோட ரிட்டயர்மென்ட் பணம்னு நினைச்சோமே" என்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. இவர்களும் பொய் சொல்லவில்லை. யாரிடமும் காகிதம் இல்லை, அவ்வளவுதான். பணம் திரும்பி வர நெடுநாள் ஆயிற்று. அந்த ஆண்டு கட்டணம் கட்டுவார்கள் என்று நம்பியிருந்த பிள்ளைகள் வட்டிக்கு வாங்கிக் கட்டினார்கள். என்னிடம் ஆலோசனை கேட்க வந்தபோது அந்த நண்பர்கள் சொன்னது இது: "சார், அவரை நம்பினோம், அது சரிதான். அவர் சாவார்னு நினைக்கலை."

சங்கம் என்று சட்டம் சொல்வது, ஆள் போனாலும் போகாத ஒன்றை. நம் மாவட்டத்திலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட நினைத்தார். 1923ல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23ல் சிவா காலமானார். கோயில் கனவாகவே நின்றுவிட்டது. அங்கே இன்று நாம் பார்க்கும் பாரத மாதா நினைவாலயம் இந்த நூற்றாண்டில் அரசு கட்டியது. சிவாவின் தியாகத்தில் குறை சொல்ல நமக்கு யோக்கியதை கிடையாது. அவர் தோளில் மட்டும் அந்தப் பாரம் இருந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

இனி சட்டத்துக்கு வருவோம். 1860ல் வெள்ளைக்காரன் ஒரு சங்கப் பதிவுச் சட்டம் போட்டான். இலக்கியம், விஞ்ஞானம், கலை, தர்ம காரியம் இவற்றுக்காக ஏழு பேர் சேர்ந்தால் போதும், பதிவு செய்துகொள்ளலாம் என்றது அது. நம் மாநிலத்தில் அதை எடுத்துவிட்டு, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 என்று தனியாகக் கொண்டுவந்தார்கள். 1978ல் நடைமுறைக்கு வந்தது. இதிலும் குறைந்தது ஏழு பேர் கையெழுத்து வேண்டும். ஆனால் புதிதாக ஒரு கண்டிப்பு உண்டு. உறுப்பினர் 20 பேரோ அதற்கு மேலோ இருந்தாலும், ஆண்டு வரவு அல்லது செலவு 10,000 ரூபாயை எட்டினாலும், பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 1975ஆம் ஆண்டுச் சட்டம் எழுதி வைத்தது. அன்றைக்குப் பத்தாயிரம் பெரிய தொகை. இன்று நம் விழாவின் சாப்பாட்டுச் செலவே அதைப் பல மடங்கு தாண்டும். ஆக, பதிவு செய்யலாமா வேண்டாமா என்று நாம் விவாதித்துக்கொண்டிருந்த காலமெல்லாம் சட்டம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தது.

பலருக்கு ஒரு குழப்பம். பால் சங்கம், கடன் சங்கம் எல்லாம் கூட்டுறவுச் சட்டத்தில் வருபவை. அவற்றுக்கு வேறு பதிவாளர். நமக்கு மாவட்டப் பதிவாளர், அதாவது உங்கள் நிலப்பத்திரம் பதியும் அதே பதிவுத் துறைதான். இன்னும் சிலர், "டிரஸ்ட் போட்டுக்கலாமே, எலெக்‌ஷன் தொல்லை இல்லையே" என்கிறார்கள். உண்மை. டிரஸ்டில் தேர்தல் தொல்லை இல்லை, ஏனென்றால் ஓட்டுப்போட உறுப்பினரே இல்லை. அறங்காவலர்கள் நான்கு பேர் எடுப்பது முடிவு. ஒரு குடும்பம் தர்மம் செய்வதற்கு அது நல்ல ஏற்பாடு. முன்னாள் மாணவர்கள் கூடி நடத்தும் அமைப்புக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம்.

அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம் தோழர் நேற்றிரவு, "எங்க ஊர்ல இதை நான்-பிராபிட் கார்ப்பரேஷன்னு பதிவோம், போர்டுல குறைஞ்சது மூணு டைரக்டர் இருக்கணும்" என்றார். அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம். நியூயார்க் மாநிலத்தில் அவர் சொன்னபடி மூன்று. நம் சட்டத்திலும் நிர்வாகக் குழுவுக்குக் குறைந்தபட்சம் மூன்று பேர்தான். ஆனால் அங்கே அது கம்பெனி மாதிரி தனி ஆள். இங்கே 1860ஆம் ஆண்டுச் சட்டத்தில் பதிந்த சங்கம் அப்படி முழுமையான தனி ஆள் அல்ல என்று டெல்லி திப்பியா கல்லூரி வழக்கில் 1961லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கம்பெனி வடிவம்தான் வேண்டுமென்றால் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவு இருக்கிறது. கணக்குத் தாக்கலும் ஆடிட்டர் செலவும் அதிகம். நமக்கு வேண்டாம்.

சரி, பைலா. இந்த எட்டுப் பக்கத்தில் எது முக்கியம் என்று கேட்டால் நோக்கங்கள் என்பீர்கள். "கல்வி வளர்ச்சிக்கும் சமுதாய மேம்பாட்டுக்கும்" என்று அழகாக எழுதியிருக்கிறோம். எல்லாச் சங்கமும் அப்படித்தான் எழுதும். என் பணிக்காலத்தில் நோக்கத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு வந்த சங்கம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. வந்தவர்கள் எல்லாம் ஒரே கேள்விக்குத்தான் வந்தார்கள். யார் உறுப்பினர்? யாருக்கு ஓட்டு?

உங்களுக்கெல்லாம் தெரிந்த ஒரு சங்கத்தைச் சொல்கிறேன். தென்னிந்திய நடிகர் சங்கம். அதுவும் நம்மைப் போல இதே 1975ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட சங்கம்தான். 2015 அக்டோபரில் தேர்தல் நடந்து ஒரு குழு வந்தது. மூன்று ஆண்டு 2018 அக்டோபரில் முடிந்தது. கட்டட வேலை நடக்கிறது என்று பதவிக் காலத்தை ஆறு மாதம் நீட்டினார்கள். அப்புறம் 2019 ஜூன் 23ல் தேர்தல் என்று அறிவித்தார்கள். அதற்குள், எங்கள் ஓட்டுரிமையைப் பறித்துவிட்டார்கள் என்று 61 பேர் பதிவாளரிடம் புகார் கொடுத்தார்கள். தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு பதிவாளர் தேர்தலை நிறுத்தச் சொன்னார். உயர் நீதிமன்றம் போனார்கள். ஓட்டுப்போடுங்கள், எண்ணாதீர்கள் என்று உத்தரவு. ஓட்டுப்பெட்டி வங்கி லாக்கருக்குப் போயிற்று. பதவிக் காலம் முடிந்த குழு நடத்திய தேர்தல் செல்லாது என்று 2020 ஜனவரியில் தனி நீதிபதி தீர்ப்பு. செல்லும், எண்ணலாம் என்று 2022 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு. 2022 மார்ச் 20ல்தான் ஓட்டு எண்ணினார்கள். 2 வருஷம் 9 மாதம்! மூன்று வருஷப் பதவிக்கு நடந்த தேர்தல். நடுவில் அரசாங்கம் ஒரு தனி அதிகாரியையும் நியமித்தது.

வக்கீல் வைக்க வசதி உள்ளவர்கள், தாங்கினார்கள். நமக்கு அப்படி ஒரு வழக்கு வந்தால் கல்விநிதி முழுவதும் வக்கீல் பீஸாகப் போகும்.

அந்த வழக்கில் யார் செய்தது சரி என்று பேச நான் வரவில்லை. இரண்டு விஷயத்தைப் பாருங்கள். ஒன்று ஓட்டர் பட்டியல். மற்றது முடிந்துபோன பதவிக் காலம். நம் வரைவில் இரண்டும் பலவீனமாக இருக்கிறது.

வரைவின் 4ஆம் விதி, "இக்கல்லூரியில் பயின்று பட்டம் பெற்ற எவரும்" உறுப்பினர் ஆகலாம் என்கிறது. எழுதிய நண்பர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. ஆனால் பி.யு.சி. மட்டும் இங்கே படித்தவர்கள் என்ன ஆவார்கள்? 1978ல் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ வருவதற்கு முன்னால் ஒரு வருஷம் இங்கே பி.யு.சி. படித்துவிட்டு வேறு ஊருக்குப் போனவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்குப் பட்டம் இங்கே இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்து நமக்கு முதல் நன்கொடை கொடுத்த அண்ணனே பி.யு.சி.க்காரர்தான். இந்த விதிப்படி அவர் உறுப்பினர் இல்லை, விருந்தாளி.

அவரையாவது நமக்கு முகம் தெரியும். இரண்டாம் வருஷத்தில் கல்யாணம் செய்துவைத்து நின்றுபோன பெண் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அரூர்ப் பக்கத்திலிருந்தும் பென்னாகரம் பக்கத்திலிருந்தும் வந்து, மழை பொய்த்த வருஷம் பாதியில் நிறுத்திவிட்டு பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போன பையன்களை நினைத்துப் பாருங்கள். என் வகுப்பில் சேர்ந்தவர்களில் கடைசி வருஷம் வருகைப் பதிவேட்டில் இல்லாத பெயர்களை என்னால் இன்றைக்கும் வரிசையாகச் சொல்ல முடியும். அரியர் வைத்து டிகிரி வாங்காமல் போனவர்களும் உண்டு. அவர்களுக்கு உதவத்தான் இந்தக் கல்விநிதியே. உதவி வாங்கத் தகுதி உண்டு, உறுப்பினராகத் தகுதி இல்லை என்றால் என்ன நியாயம்?

யாரைச் சேர்ப்பது என்பதை முடிவு செய்யும் உரிமை நமக்குத்தான். அலகாபாத் ஹிந்தி சாகித்ய சம்மேளன வழக்கில் 1971ல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொன்னது. நாமாக விரும்பிச் சேர்ந்து அமைத்த சங்கத்தில், நம் சம்மதம் இல்லாமல் வேறு ஆட்களைச் சட்டம் போட்டுக்கூடத் திணிக்க முடியாது. அப்படித் திணித்த 1962ஆம் ஆண்டுச் சட்டமே அடிபட்டுப் போயிற்று. கதவைத் திறப்பதும் மூடுவதும் நம் கையில் இருக்கிறது என்பதால், எந்த அளவு திறக்கிறோம் என்பதற்கும் நாமே பொறுப்பு. "ஒரு கல்வியாண்டாவது பயின்ற எவரும்" என்று மாற்ற வேண்டும் என்பது என் முதல் திருத்தம்.

இப்போது படிக்கும் மாணவர்கள் பற்றியும் கேட்டார்கள். ஓட்டில்லாத துணை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளலாம். படிப்பை முடித்துப் போகும் நாளில் முழு உறுப்பினர் ஆகட்டும். தம்பி, கோபப்படாதே. ஓட்டு கொடுத்தால் சீனியர் அண்ணன்கள் உன் வகுப்புக்கு வந்து பிரச்சாரம் செய்வார்கள். உனக்குப் பரீட்சை.

உறுப்பினர் பட்டியல் என்று வாட்ஸ்அப் குழுவைக் காட்ட முடியாது. பெயர், முகவரி, தொழில் எழுதிய பதிவேடு இருக்க வேண்டும், சேர்ந்தவர் விலகியவர் விவரம் பதிவாளருக்குப் போக வேண்டும். இது ஏதோ சடங்கு என்று நினைக்காதீர்கள். சங்கத்தில் ஏதோ தவறு நடக்கிறது என்று உங்களுக்குத் தோன்றினால், 36ஆம் பிரிவில் உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் சேர்ந்து பதிவாளரிடம் விசாரணை கேட்கலாம். மூன்றில் ஒரு பங்கு என்றால் எத்தனையில்? பதிவேடு சரியாக இல்லாவிட்டால் அந்தக் கணக்கே போட முடியாது. தப்பு செய்கிற குழுவுக்கு முதல் பாதுகாப்பு குழம்பிப்போன பதிவேடுதான்.

அடுத்தது பதவிக் காலம். வரைவில் "தொடக்கக் குழு ஐந்தாண்டு" என்று இருக்கிறது. முடியாது. சட்டத்தின் 15ஆம் பிரிவு நிர்வாகக் குழுவுக்கு மூன்று ஆண்டுக்கு மேல் கொடுக்கவில்லை. மறுபடி தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், அது வேறு. "நிரந்தரத் தலைவர்" என்று இன்னொரு வரி. நம் மூத்தவர் மேல் உள்ள மரியாதையில் எழுதியது, எனக்கும் அவர் மேல் அதே மரியாதை. புரவலர் என்று வைத்து மாலை போடுவோம். காசோலையில் கையெழுத்துப் போடுகிறவர் தேர்தலில் நின்று வரட்டும். இதை நேற்றே அவர் வீட்டுக்குப் போய் அவரிடம் சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டே காபி கொடுத்தார். சம்மதமா என்று கேட்டால், "மீட்டிங்ல பேசுங்க" என்றார்.

புதுக்குழு வந்தால் படிவம் 7 என்று ஒன்று மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். பாதிச் சங்கங்கள் சறுக்கி விழுவது இந்த இடத்தில்தான். தேர்தல் முடிந்து மாலை போட்டு, போட்டோ எடுத்து, பேப்பரில் செய்தியும் வந்துவிடும். படிவம் மட்டும் போகாது. ஐந்து வருஷம் கழித்து வங்கியில் கையெழுத்து மாற்றப் போனால், இறந்துபோனவர் இன்னும் தலைவராக இருப்பார்.

சண்டை வந்தால் இதே படிவம் இரண்டாக வரும். காலையில் ஒரு கோஷ்டி, மதியம் இன்னொரு கோஷ்டி. இரண்டு மினிட் புத்தகம், இரண்டு ரப்பர் ஸ்டாம்பு. பதிவாளர்தானே, யார் உண்மையான குழு என்று அவர் தீர்ப்புச் சொல்லட்டுமே என்பார்கள். அவர் நீதிபதி இல்லை. கரிசல் பள்ளிக் கமிட்டி வழக்கில் 2005ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது இதுதான். கொடுத்த படிவம் மேலோட்டமாகச் சரியா என்று மாவட்டப் பதிவாளர் பார்க்கலாம். யார் ஜெயித்தார் என்ற தகராறு என்றால் சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டியதுதான். சிவில் கோர்ட் என்றால் எத்தனை வருஷம் என்று நிலத் தகராறு உள்ள குடும்பங்களைக் கேளுங்கள்.

"சார், நமக்குள்ள சண்டையா?" என்று ஒரு தோழி கேட்டார். இன்றைக்கு இல்லை. அதனால்தான் இன்றைக்கு எழுதச் சொல்கிறேன். சண்டை வந்த பிறகு எழுதும் விதி ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்கு எதிராகத்தான் இருக்கும்.

அதற்கு ஒரு பெரிய உதாரணம், நம் எல்லோருக்கும் பிடித்த கிரிக்கெட். இந்தியக் கிரிக்கெட் வாரியம் அரசாங்க அமைப்பு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். 1928ல் தொடங்கிய அந்த வாரியம், நம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் உள்ள ஒரு சங்கம்! ஆயிரம் ஆயிரம் கோடி புரளுகிற அதற்கும், நாலு பிள்ளைகளுக்கு பீஸ் கட்டுகிற நமக்கும் ஒரே சட்டம்.

அவர்கள் விதியில் 6.2.4 என்று ஓர் உட்பிரிவு. வாரிய நிர்வாகிகள் யாருக்கும் வாரியம் நடத்தும் போட்டிகளில் நேரடியாகவோ மறைமுகமாகவோ வணிக ஆதாயம் இருக்கக் கூடாது. நல்ல விதி. 2008ல் ஐ.பி.எல். வந்தது. அப்போது வாரியத்தின் பொருளாளராக இருந்த என். சீனிவாசனின் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் சென்னை அணியை வாங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் அந்த விதியில் சில சொற்களைச் சேர்த்தார்கள். ஐ.பி.எல். போன்ற போட்டிகள் நீங்கலாக, என்று. முறையாகக் கூட்டம் போட்டுச் செய்த திருத்தம்தான். ஆறு வருஷத்துக்கு மேல் கழிந்து, 2015 ஜனவரி 22ல், அந்தத் திருத்தம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டது. அதன்பின் நீதிபதி லோதா குழு, 2017ல் தலைவரும் செயலாளரும் நீக்கம், நீதிமன்றம் நியமித்த நிர்வாகிகள் கையில் வாரியம். கடைசியில் 2018 ஆகஸ்ட் 9ல் உச்ச நீதிமன்றமே புது விதிகளுக்கு ஒப்புதல் கொடுத்து, இதைப் பதிவு செய்யுங்கள் என்று தமிழ்நாட்டுச் சங்கப் பதிவாளருக்கு உத்தரவிட்டது. என் துறையில் வேலை பார்த்தவர்களுக்கு அன்றைக்கு ஒரு சின்னப் பெருமை.

நமக்கு ஐ.பி.எல். இல்லை. ஆனால் விழா மலர் அச்சடிக்கிறோம், பந்தல் போடுகிறோம், சமையல் ஆர்டர் கொடுக்கிறோம், நாளைக்குக் கட்டடம் கட்டுவோம். உறுப்பினர்களில் அச்சகக்காரர் இருப்பார், சிமெண்ட் ஏஜென்ட் இருப்பார். அவர்களிடம் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் நம்மவர்களிடம் வாங்காமல் யாரிடம் வாங்குவது? குழுவில் இருக்கிறவருக்கு ஆதாயம் உள்ள விஷயம் என்றால் அவர் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும், அந்தப் பேச்சின் போது எழுந்து வெளியே போக வேண்டும், மூன்று கொட்டேஷன் மினிட்டில் ஏற வேண்டும். வரைவில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இது என் இரண்டாவது திருத்தம். பதவிக் காலம் மூன்றாவது.

நான்காவது, நீக்கல் விதி. "சங்க நலனுக்கு எதிராக நடப்பவரைத் தலைவர் நீக்கலாம்" என்று இருக்கிறது. யார் நலன், எது எதிர் என்று யார் சொல்வது? பெல்காமில் ஒரு மேசானிக் லாட்ஜிலிருந்து நீக்கப்பட்டவர் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தனியார் சங்கமானாலும் நீக்குவதற்குத் தன் விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும், இயற்கை நீதியும் பொருந்தும் என்று சொன்னார்கள். எழுத்தில் குற்றச்சாட்டு, பதில் சொல்ல அவகாசம், பொதுக்குழுவுக்கு மேல்முறையீடு. இவ்வளவும் எழுதிவைத்தால் நான்கு வரிதான் கூடும்.

கோரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்றில் ஒரு பங்கு வர வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். விரைவில் நாம் ஆயிரம் பேர் ஆவோம். இன்றைக்கு, சாப்பாடு இருந்தும், இந்த மண்டபத்தில் முன்னூறு பேர் இல்லை. நடைமுறைக்கு ஒத்த எண்ணாகப் போடுங்கள். ஏனென்றால் இன்று எழுதுவதைப் பின்னால் மாற்றுவது லேசு இல்லை. 21 நாள் முன்னறிவிப்பு கொடுத்து, சிறப்புத் தீர்மானம் என்று சொல்லி, வந்தவர்களில் நான்கில் மூன்று பங்கு ஓட்டு வாங்கி, அதையும் பதிவாளரிடம் பதிந்தால்தான் திருத்தம் உயிர்பெறும்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், அவர் பிறந்தது காரிமங்கலமாக இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை. 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தில் அனுமதி இல்லாமல் ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது. அந்த அனுமதி கிடைக்கும் வரை, அண்ணா, மனசை மட்டும் அனுப்புங்கள். நன்கொடையாளருக்கு வரிச் சலுகை வேண்டும் என்றாலும் வருமான வரித் துறையில் தனியாகப் பதிய வேண்டும். சங்கப் பதிவு மட்டும் போதாது.

அப்புறம் ஆண்டுக் கடமைகள். மார்ச்சில் கணக்கு முடித்து, தணிக்கை செய்து, பொதுக்குழுவில் வைத்து, செப்டம்பருக்குள் பதிவாளருக்குக் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் போக வேண்டும். இதைச் செய்ய ஒரு நல்ல செயலாளரும் ஒரு தடிமனான பைலும் போதும்.

செயல் எல்லை என்ற இடத்தில் "தருமபுரி மாவட்டம்" என்று மட்டும் இருக்கிறது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி பிரிவதற்கு முன்னால் ஓசூரிலிருந்தும் தேன்கனிக்கோட்டையிலிருந்தும் பஸ் ஏறி வந்து படித்தவர்கள் நம் மாவட்டத்துப் பிள்ளைகள்தானே. இரண்டு மாவட்டப் பெயரையும் போட்டுவிடுங்கள். முன்மொழிந்த குழுவில் பதினோரு பெயர் இருக்கிறது, ஒரு பெண் பெயர்கூட இல்லை. சட்டம் இதைக் கேட்கவில்லை, நான் கேட்கிறேன்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. என் திருத்தங்கள் நான்கையும் தட்டச்சு செய்து கொண்டுவந்திருக்கிறேன், மாணவர்கள் வாசலில் தருவார்கள். மேடைக்கு இடது பக்க மேசையில் உறுப்பினர் பதிவேடு இருக்கிறது. பெயர், முகவரி, தொழில், படித்த ஆண்டுகள் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். "பட்டம்" என்ற பத்தியை மாலைக் கூட்டம் முடியும் வரை யாரும் நிரப்ப வேண்டாம் என்று அங்கே உட்கார்ந்திருக்கும் தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடாமல் 3 மணிக்கு இங்கே இருங்கள், கை தூக்க ஆள் வேண்டும்.